ஒரு வீட்டில் இரண்டு சமையல்

நல்ல உணவுப் பழக்கங்களைக் கைக்கொள்வது ‘டயட்’ ஆகுமா, வாழ்க்கை முறை மாற்றம் ஆகுமா என்ற கேள்வி இப்போது அடிக்கடி எழுகிறது. அதற்கு வழக்கமான விடை ஒன்றும் இருக்கிறது. முடிவுத் தேதி உள்ளது டயட். முடிவுத் தேதி இல்லாதது வாழ்க்கை முறை. மருத்துவர்கள் இப்படித்தான் விளக்குகிறார்கள். சத்துமாவு விற்பவர்களும் அதையே சற்று உரக்கச் சொல்கிறார்கள். நானும் நெடுநாள் இதை ஐயமின்றி ஏற்றிருந்தேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டில் நடந்த ஒன்றுதான், இந்த விடையில் ஏதோ விடுபட்டிருக்கிறது என்று எனக்கு உணர்த்தியது.

பணி ஓய்வுக்குப் பின் நானும் என் மனைவியும் நாக்பூரிலேயே தங்கிவிட்டோம். 61ஆம் வயதில் எனக்குச் சர்க்கரை நோய் இருப்பது தெரியவந்தது. மூன்று மாதச் சராசரி 8.2. உணவு ஆலோசகர் ஒருவர் அச்சிட்ட தாள் ஒன்றைக் கொடுத்தார். காலையில் ஓட்ஸ் கஞ்சி, பதினொரு மணிக்கு ஒரு கொய்யா, பகலில் இரண்டு சப்பாத்தியும் ஒரு கிண்ணம் கீரையும் ஒரு கிண்ணம் பருப்பும், மாலையில் சுண்டல், இரவில் காய்கறி சூப். அந்தத் தாளைக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டி, எட்டு மாதம் ஓர் எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்தேன். ஏழு கிலோ குறைந்தது. சராசரி 6.5 ஆயிற்று. காலை நடையில் உடன் வருவோரிடம் இதைப் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன். டயட் என்று யாராவது சொன்னால் உடனே திருத்துவேன்: “டயட் இல்லை, வாழ்க்கை முறையையே மாற்றிக்கொண்டேன்.”

அந்த மாதமே என் மனைவி மாடிப்படியில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார். பரிசோதித்ததில் ஹீமோகுளோபின் 9.1. பெண்களுக்கு அது 12க்குக் குறையக் கூடாது. வயிற்றில் இரத்தக் கசிவு, தைராய்டு கோளாறு என்று வேறு காரணங்களையெல்லாம் சோதித்து, இல்லையென்று உறுதி செய்துகொண்ட பிறகு மருத்துவர், “தினமும் என்ன சாப்பிடுகிறீர்கள் அம்மா?” என்று கேட்டார். நான் பக்கத்து நாற்காலியில் இருந்தேன். காலையில் தேநீரும் இரண்டு ரொட்டித் துண்டும். பகல் இரண்டரை மணி வாக்கில் முதல் நாள் சோற்றில் மோர் விட்டு, ஊறுகாயோடு. உடனே ஒரு தேநீர். இரவும் ஏறக்குறைய அதுவே. இதைச் சொல்லும்போது அவர் குரலில் குறையேதும் இல்லை. ஊரில் எல்லாப் பெண்களும் சாப்பிடுவதைத்தான் தானும் சாப்பிடுவதாக நினைத்திருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். எனக்கு வைக்கும் கீரையிலும் பருப்பிலும் கொஞ்சம் எடுத்துக்கொண்டால் என்ன? “அது உங்க பத்தியச் சாப்பாடு, அதுல நான் எப்படிக் கை வைக்கிறது?” என்றார். எனக்கு ஐந்து வேளை அளந்து சமைத்து முடித்த பின், தனக்கென்று ஒரு பொரியல் செய்ய அவருக்கு அலுப்பு. இரண்டே பேர் வாழும் வீட்டில் இரண்டு சமையல் நடந்துகொண்டிருந்தது. அதில் ஒன்று சமையலாகவே இல்லை. எட்டு மாதமாக எதிரில் அமர்ந்து உண்டவன் நான். பார்க்கவில்லை. உண்மையில் எதிரில் அமரவும் இல்லை. எனக்கு ஒரு மணிக்கு, அவருக்கு இரண்டரை மணிக்கு.

முடிவுத் தேதி இல்லாததாலேயே நான் செய்தது வாழ்க்கை முறை மாற்றம் ஆகிவிட்டதா? ஆகவில்லை என்றே இப்போது கருதுகிறேன். அது நீண்ட டயட், அவ்வளவே. ஒருவர் தட்டு மட்டும் மாறி வீட்டின் அடுப்பு மாறாதிருக்கும் வரை, அதை எத்தனை ஆண்டு தொடர்ந்தாலும் டயட் என்றுதான் சொல்ல வேண்டும். அந்தத் தனித்தட்டின் சுமையை வீட்டில் யாரோ ஒருவர் தூக்கிக்கொண்டிருக்கிறார். நம் நாட்டில் அவர் பெரும்பாலும் யார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மத்திய அரசு 2019இல் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள். அவ்வேலையில் ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடம். மருத்துவரின் தாளில் ‘வாழ்க்கை முறை மாற்றம்’ என்று எழுதும்போது, அந்த 299 நிமிடத்தில் இன்னும் ஒரு மணி நேரம் கூட்டுகிறோம் என்ற நினைவு எழுதுபவருக்கும் இல்லை, வாங்கிக்கொள்பவருக்கும் இல்லை.

என் மனைவி சொன்ன ‘பத்தியம்’ என்ற சொல் சுவையானது. வடமொழியில் வழி என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது அது. செல்லும் வழிக்கு ஏற்றது என்பது அதன் கருத்து. ‘டயட்’ என்பதன் மூலமான கிரேக்கச் சொல்லுக்கும் வாழும் முறை என்றுதான் பொருள். இரண்டு சொற்களுமே அகன்ற பொருளில் தொடங்கி, காலப்போக்கில் ‘இதைத் தின்னாதே’ என்னும் அளவுக்குக் குறுகிவிட்டன. தமிழர் வழக்கில் பத்தியத்துக்கு ஒரு முடிவும் உண்டு. மருந்து நின்றதும் பத்தியம் முறிப்பார்கள். பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம் போடுவார்கள். நாள் கணக்கு முடிந்ததும் அவள் பொதுச் சமையலுக்குத் திரும்பிவிடுவாள். குறுகிய காலத்துக்குத் தனிச் சமையல் என்பதில் குற்றமில்லை, வீடு அதைத் தாங்கும். வாழ்நாள் முழுவதும் ஒருவருக்குப் பத்தியம் போட எந்த வீட்டாலும் முடியாது. சர்க்கரை நோயோ வாழ்நாள் விருந்தாளி.

இங்கே காந்தியடிகளின் அனுபவம் ஒன்று நினைவுக்கு வருகிறது. உணவுச் சோதனைகளில் அவருக்கு இணை சொல்ல ஆளில்லை. 1915இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பிய புதிதில் அவர் பழங்களையும் கொட்டைகளையும் மட்டுமே உண்டுவந்தார். கல்கத்தாவில் பூபேந்திரநாத் பாசுவின் இல்லத்தில் தங்கியபோது, நகரில் கிடைத்த பழம், பருப்பு வகையெல்லாம் அவருக்காக வரவழைக்கப்பட்டன. அந்த வீட்டுப் பெண்கள் இரவெல்லாம் விழித்திருந்து கொட்டைகளைத் தோலுரித்தார்களாம். எளிமைக்காக மேற்கொண்ட உணவு, விருந்தளித்த வீட்டுக்குப் பெருஞ்சுமையாயிற்று. பிறர் கண்ணுக்கு அது பக்தியாகத் தெரிந்திருக்கும்; அவர் அதைத் தம் குற்றமாகவே எடுத்துக்கொண்டார். அதே ஆண்டு ஹரித்வார் கும்பமேளாவின்போது, ஒரு நாளில் ஐந்து பொருள்களுக்கு மேல் உண்பதில்லை, இருட்டிய பின் உண்பதில்லை என்று விரதம் பூண்டார். கல்கத்தாவிலும் ரங்கூனிலும் தம்மால் பிறர் பட்ட தொல்லையே அதற்கு ஒரு காரணம் என்று தம் வரலாற்றில் எழுதியிருக்கிறார். தட்டில் இருப்பது எவ்வளவு தூய்மையானது என்பதோடு நில்லாமல், அதை யார் உரித்தார்கள் என்றும் அவர் பார்த்தார். எனக்கு இந்தப் பார்வை எட்டு மாதம் கழித்து, அதுவும் மருத்துவர் கேட்ட பிறகுதான் வந்தது.

உணவு ஆராய்ச்சியின் வரலாற்றிலும் இதற்கு ஒரு சான்று கிடைக்கிறது. இன்று ஹைதராபாத்தில் இயங்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், 1918இல் நீலகிரியின் குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவரின் சிறிய ஆய்வுக்கூடமாகத் தொடங்கியது. இந்தியாவின் வெவ்வேறு பகுதி மக்கள் அன்றாடம் உண்ணும் உணவை எலிகளுக்கு அப்படியே கொடுத்து அவற்றின் வளர்ச்சியை அவர் ஒப்பிட்டார். முழுக்கோதுமைச் சப்பாத்தி, பால், பருப்பு, காய்கறி என்றமைந்த சீக்கியர் உணவை உண்ட எலிகள் நன்றாக வளர்ந்தன. நம் சென்னை மாகாணத்து அரிசி உணவை உண்டவை பின்தங்கின. மானக்கேடுதான், ஆனால் கவனிக்க வேண்டியது வேறு. அவர் சோதித்தது தனி மனிதர்களின் டயட்டை அன்று, வீட்டுச் சமையலறைகளை.

அந்நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டு நெறிகளில், நாட்டின் மொத்த நோய்ச்சுமையில் 56.4 சதவீதம் தவறான உணவால் வருவது என்று கூறப்பட்டிருக்கிறது. தானியங்களிலிருந்து கிடைக்கும் ஆற்றல் 45 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றும் அது வரையறுக்கிறது. நம் வீடுகளில் பாதிக்கு மேல் தானியத்திலிருந்தே வருகிறது. 2023இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணிப்பில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடி, அதன் விளிம்பில் நிற்பவர்கள் 13.6 கோடி. இன்னொரு பக்கம், 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 57 சதவீதம் பேர் இரத்தசோகை உள்ளவர்கள். இந்த எண்களைத் தனித்தனிப் பக்கங்களில் அச்சிடுகிறார்கள். என் வீட்டில் அவை ஒரே மேசையின் இரு பக்கங்களில் இருந்தன.

பழக்கம் மாறினால் பயன் உண்டா என்று ஐயுறுவோர்க்கு இரண்டு ஆய்வுகளைச் சொல்லலாம். சென்னையில் மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர், நோயின் விளிம்பில் இருந்த 531 பேரிடம் நடத்திய ஆய்வின் முடிவு 2006இல் வெளிவந்தது. வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் மூன்று ஆண்டுகளில் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்துவிட்டது. உணவையும் நடையையும் மாற்றிக்கொண்டவர்களில் 39 சதவீதம். குறைந்திருக்கிறது, மறையவில்லை. பழக்கத்தை மாற்றினால் எல்லாம் போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சீனாவின் டாசிங் நகரில் 1986இல் தொடங்கிய ஆய்வு எனக்கு இன்னும் பொருளுடையதாகத் தோன்றுகிறது. ஆறு ஆண்டுகள் உணவும் உடற்பயிற்சியும் பழக்கிவிட்டு ஆய்வாளர்கள் விலகிக்கொண்டார்கள். முப்பது ஆண்டு கழித்துக் கணக்கெடுத்தபோது, அவர்களுக்கு நோய் வருவது நடுவளவில் ஏறக்குறைய நான்கு ஆண்டு தள்ளிப்போயிருந்தது. இதய நோயும் குறைந்திருந்தது. மேற்பார்க்க ஆள் இல்லாமல் போன பிறகும் பயன் நின்றிருக்கிறது.

அப்படியானால் அடுப்பை மாற்றுவது எப்படி? நான் கண்ட வழி மளிகைக் கணக்கு. எடை காட்டும் கருவி ஒருவரைப் பற்றி மட்டும் பேசும். மளிகைச் சீட்டு வீடு முழுவதையும் பற்றிப் பேசும். வங்கிக் கணக்கை மாதந்தோறும் சரிபார்க்கும் பழக்கமுள்ளவர்களுக்கு இது கடினமன்று. உலக சுகாதார நிறுவனம் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு போதும் என்கிறது. நால்வர் உள்ள குடும்பத்துக்கு மாதம் 600 கிராம். ஒரு கிலோ பொட்டலம் மாதக் கடைசியில் காலியானால், ஆளுக்கு நாளொன்றுக்கு 8 கிராமைத் தாண்டுகிறது. ஊறுகாய், அப்பளம், கடைத் தின்பண்டங்களில் உள்ள உப்பு இதில் சேராது. சர்க்கரை ஒருவருக்கு 25 கிராம் என்று வைத்துக்கொண்டால், அதே குடும்பத்துக்கு மாதம் 3 கிலோ. இதில் தேநீரும் பாயசமும் அடக்கம். குளிர்பானமும் பிஸ்கட்டும் தனிக் கணக்கு. எண்ணெய் 4 லிட்டர் வாங்கினால் ஆளுக்கு நாளொன்றுக்கு 33 மி.லி. 2025 பிப்ரவரி ‘மனதின் குரல்’ நிகழ்ச்சியில் பிரதமர், வாங்கும்போதே எண்ணெயைப் பத்து சதவீதம் குறைத்து வாங்குங்கள் என்று கேட்டுக்கொண்டார். உண்ணும்போது குறைக்கச் சொல்லாமல் வாங்கும்போது குறைக்கச் சொன்னது நுட்பமான யோசனை. சமைத்துவிட்ட பின் குறைப்பது ஒருவரின் மன உறுதியைப் பொறுத்தது. வீட்டுக்கு வராத எண்ணெய்க்கு யாருடைய மன உறுதியும் தேவையில்லை.

எங்கள் வீட்டில் இருவருக்கு ஒரு கிலோ உப்பு 50 நாளில் தீர்ந்துகொண்டிருந்தது. ஆளுக்குப் பத்து கிராம். எட்டு மாத வாழ்க்கை முறை மாற்றத்தின் நடுவில்!

ஓட்ஸைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது தீங்கான பொருளன்று. ஆனால் எங்கள் சமையலறையில் அது அயலார். அதைச் சமைப்பது ஒரு தனி வேலை, தின்பது ஒரு தனி ஆள். எங்கள் வீட்டு வேலைக்கு வரும் அம்மையார் தினமும் கொண்டுவருவது சோளத்தில் தட்டிய பாக்ரியும் கடலைமாவு ஜுன்காவும், ஒரு வெங்காயமும். விதர்பாவில் அது தலைமுறை தலைமுறையாக வந்த உணவு. அதே சோளம் ‘சிறுதானியம்’ என்ற பெயரில் பளபளப்பான உறையில், மூன்று மடங்கு விலையில், நான் வாங்கிய கடையிலேயே ஓட்ஸுக்குப் பக்கத்தில் இருந்தது. சோளத்திலும் மாவுச்சத்து அரிசியைவிடச் சற்றுத்தான் குறைவு. நார்ச்சத்து மட்டும் கணிசமாகக் கூடுதல். எனவே அதை அற்புத மருந்து என்று கொண்டாடவும் வேண்டாம். என் கருத்து இதுதான்: ஒரு வீடு முழுவதும் முகம் சுளிக்காமல் உண்ணக்கூடியது எதுவோ அதுவே அந்த வீட்டுக்கு ஏற்ற மாற்றம். நாக்பூரில் அது சோளமாகலாம், மாண்டியாவில் கேழ்வரகுக் களியாகலாம், லக்னோவில் பருப்பைச் சற்றுக் கூட்டிச் சோற்றைச் சற்றுக் குறைப்பதாகலாம்.

இதற்கு எதிராகச் சொல்லக்கூடியவற்றை நான் அறியாமலில்லை. சிறுநீரக நோயாளிக்கும் கோதுமை ஒவ்வாதவர்க்கும் தனி உணவு கட்டாயம். அங்கே வீடு முழுவதும் அதையே உண்ண முடியாது. வளரும் பிள்ளைகளுக்கும் எழுபதைக் கடந்தவர்களுக்கும் தாத்தாவின் சர்க்கரைக் கணக்கைத் திணிக்கலாகாது. அவர்களுக்கென்று ஒரு முட்டையோ ஒரு குவளைப் பாலோ கூடுதலாக இருக்கட்டும். அடிப்படைச் சமையல் ஒன்றாக இருந்தால் போதும். விலை பற்றிய தடை இவற்றினும் கனமானது. தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி முன்னுரிமைக் குடும்பத்தில் ஒருவருக்கு மாதம் 5 கிலோ தானியம் கிடைக்கிறது. அதை மையமாக வைத்துத்தான் பல கோடி அடுப்புகள் எரிகின்றன. பருப்பும் கீரையும் பழமும் சந்தை விலைக்கு வாங்க வேண்டியவை. அந்த வீடுகளிடம் ‘வாழ்க்கை முறையை மாற்றுங்கள்’ என்பது, கையில் இல்லாத பணத்தைச் செலவிடச் சொல்வதாகும். நான் பேசுவது, மாற்றிக்கொள்ளும் வசதி இருந்தும் ஒரு தட்டை மட்டும் மாற்றிவிட்டு நிறைவடையும் என்னைப் போன்ற வீடுகளைப் பற்றி.

இப்போது எங்கள் வீட்டில் ஒரு சமையல். குளிர்பதனப் பெட்டியில் ஒட்டிய தாளைக் கிழித்துவிட்டு, அங்கே மளிகைச் சீட்டை வைத்திருக்கிறோம். இரண்டு கட்டுக் கீரை, இரட்டைப் பங்கு பருப்பு. சோறு இருவருக்குமே குறைவு. ஒரு மணிக்கு இருவரும் அமர்கிறோம். இரும்புச்சத்து உடலில் சேர்வதைத் தேநீர் தடுக்கும் என்று மருத்துவர் சொன்னதால், சாப்பாட்டுக்குப் பின் தேநீர் இல்லை, நான்கு மணிக்குத்தான். காலைக் காய்களை நறுக்குவதும் இரவு உணவு செய்வதும் என் பொறுப்பு. நான் தட்டும் பாக்ரி வட்டமாக வருவதில்லை, ஓரங்கள் வெடித்துவிடுகின்றன; வேலைக்கு வரும் அம்மையார், மாவை வெந்நீரில் பிசைந்து உள்ளங்கையால் நன்றாகத் தேய்க்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தும் இன்னும் கைவரவில்லை. என் சராசரி 6.5லிருந்து 6.8க்கு ஏறியிருக்கிறது. தாளில் எழுதியபடி உண்ட காலத்தைவிடக் கூடுதல்தான்; இந்த அளவு பரவாயில்லை என்கிறார் மருத்துவர். மாத்திரையின் உதவியும் சேர்ந்து, மனைவியின் ஹீமோகுளோபின் சென்ற மாதம் 11.6. ஒரு கிலோ உப்பு இப்போது எண்பது நாள் வருகிறது. அதை நூறு நாளாக்க முடியுமா என்று பார்க்கிறோம். ஊறுகாய் ஜாடியைப் பற்றிய பேச்சுவார்த்தை இன்னும் முடியவில்லை.